ஒரே ஆளுக்கு எதற்கு ‘ஆர்’?

ஒருமைக்கு ‘இஸ்’, பன்மைக்கு ‘ஆர்’ என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள். எதிரே நிற்பவர் ஒரே ஆள்தான் என்றாலும் ‘யூ ஆர்’ என்றே சொல்ல வேண்டுமாம். ஏன் என்று கேட்டால், “அது விதிவிலக்கு, மனப்பாடம் பண்ணு” என்று பதில் வரும்.

அது விதிவிலக்கே இல்லை. ‘யூ’ பன்மைச் சொல், அதனால்தான் ‘ஆர்’. ஒருவரை விளிக்க ஆங்கிலத்தில் ‘தௌ’ என்று தனிச்சொல் இருந்தது. பிறகு, பிரெஞ்சு பேசிய மேட்டுக்குடியினரின் பழக்கம் ஒட்டிக்கொள்ள, பெரியவர் ஒருவரையும் பன்மையில் ‘யூ’ என்று அழைக்கத் தொடங்கினார்கள். தாத்தா ஒருவரிடம் “நீங்கள் வந்தீர்கள்” என்கிறோமே, அதே மரியாதைப் பன்மை.

‘தௌ’ எவ்வளவு சுடும் என்பதற்கு ஒரு வழக்கு சாட்சி. 1603இல் வின்செஸ்டர் நகரில் சர் வால்டர் ராலே மீது ராஜத்துரோக விசாரணை நடந்தது. அரசுத் தரப்பில் வாதாடிய எட்வர்ட் கோக், வேண்டுமென்றே அவரைத் திரும்பத் திரும்பத் ‘தௌ’ என்றார். நம் பேச்சில் சொன்னால், சபையில் வைத்து ஒருமையில் திட்டினார். அதே நூற்றாண்டில் குவேக்கர் சமயத்தார், மனிதர் எல்லாரும் சமம் என்று நீதிபதியையும் ‘தௌ’ என்றே அழைத்தார்கள். அதற்காக அடி வாங்கியவர்களும் உண்டு. ஒரு முன்னிலைப் பெயருக்காக அடிபட நின்ற அந்த மனிதர்கள் மீது எனக்குப் பெரிய மதிப்பு.

நாளடைவில் யாருக்கும் மனம் நோகக்கூடாது என்று எல்லாருக்கும் ‘யூ’ ஆகிவிட்டது. நாம் ‘நீ’யை விடவில்லை, அவர்கள் ‘தௌ’வை விட்டுவிட்டார்கள். அது ஜெபத்தில் மிஞ்சியது. கடவுளை ‘தௌ’ என்பது பணிவுச் சொல் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, நம் பக்தர்கள் சாமியை ‘நீ’ என்பது போன்ற நெருக்கம் அது.

18ஆம் நூற்றாண்டில் ஒருவரிடம் பேசும்போது ‘யூ வாஸ்’ என்று படித்தவர்களும் சொன்னார்கள். 1762இல் இலக்கண நூல் எழுதிய ராபர்ட் லௌத் அதைப் பிழை என்று கண்டித்தார். ‘யூ வேர்’ நிலைத்தது. ஆனாலும் ஒருவரிடம் ‘யுவர்செல்ஃப்’, பலரிடம் ‘யுவர்செல்வ்ஸ்’ என்று பழைய ஒருமை-பன்மை வேறுபாடு இன்றும் அங்கே தலைகாட்டுகிறது.

ஆங்கிலம் நடத்தும் ஆசிரியர்களே, அடுத்த முறை பிள்ளை இதைக் கேட்டால் விதிவிலக்கு என்று தள்ளிவிடாதீர்கள். ‘நீங்கள்’ என்ற ஒரு சொல்லைக் காட்டுங்கள், பிள்ளைக்கு உடனே புரிந்துவிடும்.