உயிரணுக்களில் காந்த நானோ துகள்களின் சிதைவு

காந்த நானோ துகள்களின் சிதைவு என்பது, உடலுக்குள் செலுத்தப்படும் மிக நுண்ணிய இரும்பு ஆக்சைடுத் துகள்களை உயிரணுக்கள் உட்கொண்டு, கரைத்து, அவற்றிலுள்ள இரும்பைத் தம் வழக்கமான இரும்புச் சேமிப்பில் சேர்த்துக்கொள்ளும் நிகழ்வாகும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் உறுப்புகளை வேறுபடுத்திக் காட்டவும், இரத்தசோகையில் இரும்புச் சத்து அளிக்கவும், புற்றுக்கட்டிகளைச் சூடேற்றி அழிக்கவும் இத்தகைய துகள்கள் பயன்படுகின்றன. உடலில் சேரும் மிகை இரும்பை வெளியேற்றத் தனி வழி எதுவும் இல்லை. ஒருவர் நாளொன்றுக்கு இயல்பாக இழப்பது 1 முதல் 2 மி.கி. இரும்பு மட்டுமே. எனவே துகள் எவ்வாறு கரைகிறது, அதன் இரும்பு எங்கே செல்கிறது என்பவை அதன் பாதுகாப்பைத் தீர்மானிக்கும் கேள்விகளாகும்.

துகளின் அமைப்பு

துகளின் உட்கரு மேக்னடைட்டு அல்லது மேக்கமைட்டு என்னும் இரும்பு ஆக்சைடால் ஆனது. ஏறத்தாழ 20 நானோமீட்டருக்குக் குறைவான துகள்கள், வெளியிலிருந்து காந்தப்புலம் செயல்படும்போது மட்டும் வலுவான காந்தமாகின்றன; புலம் நீங்கியதும் காந்தத்தன்மையை இழக்கின்றன. இதனால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவது குறைகிறது. உட்கருவின் மேல் டெக்ஸ்டிரான் போன்ற சர்க்கரைச் சேர்மமோ வேறு பல்பகுதியமோ பூசப்படுகிறது. இரத்தத்தில் கலந்தவுடன் அப்பூச்சின் மீது புரதங்களும் படிகின்றன.

உயிரணுவுக்குள் நுழைதல்

இரத்தத்திலுள்ள துகள்களில் பெரும்பகுதியைக் கல்லீரல், மண்ணீரல், எலும்பு மச்சை ஆகியவற்றிலுள்ள பெருவிழுங்கி உயிரணுக்கள் பிடிக்கின்றன. உயிரணுவின் மென்சவ்வு உள்நோக்கி மடிந்து, துகளைச் சிறு பை ஒன்றுக்குள் அடைக்கிறது. அப்பை இறுதியில் லைசோசோமுடன் இணைகிறது. லைசோசோமின் உட்புறம் பி.எச். 4.5 முதல் 5 வரையிலான அமிலத்தன்மை கொண்டது. செரிப்பு நொதிகளும் அங்கு நிறைந்துள்ளன.

கரைதலும் இரும்பின் பயணமும்

முதலில் மேற்பூச்சு அரிக்கப்படுகிறது. பின்னர் அமிலம் உட்கருவின் பரப்பைத் தாக்கி, இரும்பு அயனிகளை ஒவ்வொன்றாக விடுவிக்கிறது. சிறிய துகளுக்குப் பரப்பு விகிதம் அதிகம் என்பதால் அது விரைவாகக் கரைகிறது. உறுதியான பூச்சு கரைதலைத் தாமதப்படுத்துகிறது.

விடுபட்ட இரும்பு, கடத்துப் புரதங்கள் வழியாக லைசோசோமிலிருந்து உயிரணுவின் சைட்டோபிளாசத்தை அடைகிறது. அங்கு அது கட்டுப்பாடின்றி இருந்தால் ஆபத்து: ஹைட்ரஜன் பெராக்சைடுடன் வினைபுரிந்து, டி.என்.ஏ.வையும் சவ்வுகளையும் சேதப்படுத்தும் ஹைட்ராக்சில் உறுப்புகளை உருவாக்கும். இதைத் தடுப்பது ஃபெரிடின் என்னும் புரதம். 24 துணை அலகுகள் கொண்ட இந்த உள்ளீடற்ற கூடு, ஏறத்தாழ 4,500 இரும்பு அணுக்கள் வரை அடக்கி வைக்கிறது. தேவை ஏற்படும்போது ஃபெரோபோர்ட்டின் என்னும் வாயில் வழியாக இரும்பு வெளியேறி, டிரான்ஸ்ஃபெரினுடன் பிணைந்து எலும்பு மச்சைக்குச் சென்று, புதிய சிவப்பணுக்களில் சேர்கிறது. கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் இந்த வாயிலை மூட வல்லது.

இப்பாதை நானோ துகள்களுக்காகப் புதிதாக உருவானதன்று. முதிர்ந்த சிவப்பணுக்களை விழுங்கி, நாள்தோறும் 20 முதல் 25 மி.கி. வரை இரும்பை மீட்பது பெருவிழுங்கிகளின் அன்றாட வேலையாகும்.

காந்தத்தன்மை மறைதலும் மீளலும்

ஃபெரிடினுக்குள் இரும்பு ஃபெரிஹைட்ரைட்டு என்னும் வலுவற்ற காந்தத்தன்மை கொண்ட கனிம வடிவில் உள்ளது. அதனால் துகள் கரையக் கரைய உயிரணுவின் காந்தத்தன்மை குறைகிறது. 2016இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஸ்டெம் செல் திரள்களில் இக்குறைவை அளந்தனர். ஏறத்தாழ ஒரு மாதத்தில் துகள்கள் கிட்டத்தட்ட முழுமையாகச் சிதைந்திருந்தன.

2019இல் வெளியான ஆய்வு எதிர்பாராத ஒன்றைக் காட்டியது. சில மனித ஸ்டெம் செல்களில் முதலில் காந்தத்தன்மை குறைந்து, பின்னர் மீண்டும் உயர்ந்தது. விடுபட்ட இரும்பிலிருந்து உயிரணுவே புதிய காந்தத் துகள்களை உருவாக்கியிருந்தது. மனித மூளையில் மேக்னடைட்டு இருப்பது 1992இலேயே அறிவிக்கப்பட்டிருந்ததால், இம்முடிவு கூடுதல் கவனம் பெற்றது.

மருத்துவ முக்கியத்துவம்

துகளால் அடையாளமிடப்பட்ட உயிரணுக்களை எம்.ஆர்.ஐ.யில் பின்தொடரும்போது, சமிக்ஞை மறைந்தால் அவை இறந்துவிட்டன எனக் கருத முடியாது. துகள் மட்டும் கரைந்திருக்கலாம். மாறாக, இறந்த உயிரணுவின் துகள்களைப் பெருவிழுங்கி விழுங்கியிருந்தால், சமிக்ஞை பொய்யாக நீடிக்கலாம்.

அமெரிக்காவில் 2009இல் ஒப்புதல் பெற்ற ஃபெருமாக்சிட்டால், நாட்பட்ட சிறுநீரக நோயாளிகளின் இரத்தசோகைக்கான இரும்பு ஆக்சைடு மருந்தாகும். ஒரு வேளை அளவு 510 மி.கி. இரும்பு. தமிழ்நாட்டில் இரத்தசோகையுள்ள கர்ப்பிணிகளுக்குச் சிரை வழியே ஏற்றப்படும் இரும்பு சுக்ரோசும் நானோ அளவுடையதே. அதன் உட்கரு வலுவான காந்தமன்று என்றாலும், அதைக் கையாள்வதிலும் இதே பெருவிழுங்கிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. தலசீமியாவால் அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்வோரின் சேமிப்பு ஏற்கெனவே நிரம்பியிருக்கும். எனவே அத்தகையோருக்கு இரும்பு கொண்ட எந்தத் துகளையும் செலுத்துமுன் இரத்த ஃபெரிடின் அளவை அறிவது இன்றியமையாதது.