அம்மா சமையல்... அம்மாவே சமையல்!

ஏற்காடு போகிற நம்மாளுங்க என்னென்ன பார்ப்பாங்க? ஏரியில் படகு, லேடீஸ் ஸீட்டில் போட்டோ, நடுநடுவே மிளகாய் பஜ்ஜி. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கியதில் பாதிப் பேருக்குத் தலைசுற்றல் வேறு. மரப்பொந்தை எட்டிப் பார்க்க யாருக்கு சார் நேரம்?

மலையடிவாரத்துக் காட்டில் அப்படி ஒரு பொந்துக்குள் ஓர் அம்மா இருக்கலாம். எட்டுக் கால், உடம்பெல்லாம் ரோமம், காலை விரித்தால் உங்கள் உள்ளங்கை நிறைந்துவிடும். பெயர், பொயெசிலோதீரியா ஃபார்மோஸா. (பல் ஜாக்கிரதை!) 1899-ல் போகாக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, காடையாம்பட்டியில் கிடைத்த சிலந்தியை வைத்து இதை உலகுக்கு அறிமுகம் செய்தார். ஆக, மாம்பழம் மாதிரி இதுவும் அசல் சேலத்துச் சரக்கு!

இந்த வகையில் அம்மாதான் முட்டைப் பைக்குக் காவல். குஞ்சு பொரித்ததும் 'போய்ப் பொழைச்சுக்கோ' என்று விரட்டுவதில்லை. கொஞ்ச காலம் அதே பொந்தில் கூட்டுக்குடித்தனம்.

இதையே தூக்கி அடிக்கிற அம்மா இன்னொருத்தி இருக்கிறாள். ஜோலார்பேட்டை தாண்டி பெங்களூர் லைனில் போனால், ஆந்திர எல்லைக்குள் குப்பம். அங்கே முள்புதர்களில் அழுக்குத் துணியைச் சுருட்டி வைத்த மாதிரி வலைக்கூடுகள். ஒரே கூட்டில் நூற்றுக்கணக்கில் 'ஸ்டெகோடைஃபஸ்' சிலந்திகள். டென்மார்க்கிலிருந்தெல்லாம் வந்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

குஞ்சுகளுக்கு இரை பிடிக்கத் தெரியாது. அம்மா தான் தின்றதைக் கூழாக்கி, வாயோடு வாய் வைத்து ஊட்டுகிறாள். கூடவே அவள் உள்ளுறுப்புகளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகின்றன. கடைசியில் ஒருநாள் பிள்ளைகள் அவள் மேலேயே ஏறி, உறிஞ்சிக் குடித்துவிடுகின்றன. அவள் ஓடுவதில்லை. மிஞ்சுவது வெறும் கூடு.

இஸ்ரேலில் இதன் உறவுக்கார இனத்தை எடை போட்டே பார்த்தார்கள். அம்மாவின் உடம்பில் சுமார் 95 சதவீதம் பிள்ளைகளுக்கே போய்விடுகிறதாம்! இதயம் மட்டும் கடைசிவரை கரையாமல் துடிக்கிறது.

பைத்தியக்காரத்தனமா? இல்லை, கணக்கு. பெரும்பாலும் அவளுக்கு வாழ்நாளில் ஒரே பிரசவம்தான். நன்றாகத் தின்று பெரிதாகிற குஞ்சுதான் பிழைக்கும். கையிருப்பு மொத்தத்தையும் ஒரே டெபாசிட்டில் போடுகிறாள்; அவ்வளவுதான்.

சீனாவில் ஒரு குதிக்கும் சிலந்தி பாலே கொடுக்கிறது என்று 2018-ல் கண்டுபிடித்தார்கள். பசும்பாலைவிட நாலு மடங்கு புரதம். ஆவின் பயப்பட வேண்டாம், டிகாஷனுக்குக் காணாது!

நம்ம சேலத்து அம்மாவுக்குத்தான் சிக்கல். 2008-லேயே சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அவளை அழியும் ஆபத்திலுள்ள இனம் என்று பட்டியலில் சேர்த்துவிட்டது. பொந்து விழுவது வயசான மரத்தில்தான். 'உளுத்துப்போச்சு, வெட்டு' என்று நாம் முதலில் கைவைப்பதும் அதே மரத்தில்தான். அம்மா எத்தனை தியாகம் செய்தால் என்ன, வீடே போய்விட்டால்?

அடுத்த தடவை மலையேறும்போது பொந்துக்குள் கையை விடாதீர்கள். கடித்தால் தசைப்பிடிப்பு பாடாய்ப் படுத்தும். உள்ளே பிள்ளைக்காரி இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.