போத்தல் சாறு புளித்தால் என்ன ஆகும்?



இரவில் கரைத்து வைத்த இட்டிலி மாவு விடியுமுன் பொங்கி வழிந்திருப்பதைப் பார்க்காத தாய்மார்கள் நம் தோட்டங்களில் உண்டா? கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மாவிலுள்ள சத்தைத் தின்று வாயுவை விடுவதால்தான் அது பொங்குகிறது. அந்தக் காலத்துப் பாட்டிமார் ஆப்ப மாவில் கள் ஊற்றினார்களே, அதுவும் கள்ளிலிருந்த ஈஸ்ட்டுக்காகத்தான். மலாய்க்காரர் வீட்டுத் தப்பாயும் இதே வேலைதான்.

இப்போது நம் இளைஞர்கள் சிலர் கைப்பேசியில் பார்த்துவிட்டு, கடையில் வாங்கிய திராட்சைச் சாற்றில் ரொட்டி ஈஸ்ட்டைப் போட்டு "வைன்" செய்கிறார்கள். பெற்றோருக்கோ இதில் ஒன்றும் விளங்குவதில்லை. விளங்காமல் திட்டுவதைவிட விளங்கிக்கொண்டு திட்டுவது மேல் என்பது என் கட்சி.

ஈஸ்ட் சீனியைத் தின்று இரண்டு பொருள்களைத் தருகிறது. ஒன்று போதை தரும் சாராயச் சத்து. மற்றொன்று கரியமில வாயு. ஒரு லிட்டர் ஆப்பிள் சாற்றில் சுமார் 100 கிராம் சீனி இருக்கும். அது முழுவதும் புளித்தால் சுமார் 6 விழுக்காடு சாராயச் சத்து சேரும். அதாவது பீரைவிடச் சற்று அதிகம். திராட்சைச் சாற்றில் சீனி கூடுதல் என்பதால் 9 விழுக்காடு வரைக்கும் போகலாம். பார்ப்பதற்குச் சாறு மாதிரியே இருக்கும். இனிப்பும் கொஞ்சம் மீதி இருந்தால், பள்ளி விட்டு வரும் பிள்ளை குளிர்பெட்டியைத் திறந்து ஒரே மூச்சில் குடித்துவிடும்.

வாயுவின் கதை இதைவிடப் பெரிது. அதே ஒரு லிட்டர் சாற்றிலிருந்து 25 லிட்டருக்கு மேல் வாயு வெளியாகும்! மூடியை இறுக்கித் திருகி வைத்தால் அத்தனையும் எங்கே போகும்? கண்ணாடிப் போத்தலாக இருந்தால் வெடித்துச் சிதறும். நம் நாட்டு வெயிலில் ஈஸ்ட்டுக்கு வேகம் அதிகம். இரண்டு மூன்று நாளிலேயே இது நடக்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. புளிக்காத திராட்சைச் சாற்றைப் போத்தலில் அடைக்கும் வழக்கமே மதுவை ஒழிக்கப் பிறந்ததுதான். அமெரிக்காவில் வெல்ச் என்ற பல் வைத்தியர், தேவாலயத் திருவிருந்தில் மதுவுக்குப் பதிலாகக் கொடுப்பதற்கென்று, 1869ஆம் ஆண்டில் சாற்றைச் சூடாக்கி ஈஸ்ட்டைக் கொன்று போத்தலில் அடைத்தார். பாஸ்டர் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி காட்டிய வழி அது. பின்னர் 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தபோது, காய்ந்த திராட்சைக் கட்டிகளை விற்றவர்கள், "கரைத்து அலமாரியில் வைத்துவிடாதீர்கள், மதுவாகிவிடும்" என்ற பொருளில் எச்சரிக்கை எழுதி விற்றார்கள். எச்சரிக்கையா, செய்முறையா? நீங்களே சொல்லுங்கள்!

சரி, சட்டம் என்ன சொல்கிறது? மலேசியாவில் 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர் தம் வீட்டில், தம் சொந்த உபயோகத்துக்கு, ஒரு குடும்பத்துக்கு மாதம் 30 லிட்டருக்கு மேற்படாமல் புளிக்க வைத்துக்கொள்ளலாம். விற்கக் கூடாது, காய்ச்சி வடிக்கவும் கூடாது.

அங்குள்ள உறவினர் கேட்டால் இதைச் சொல்லுங்கள். லேபிளில் "பஹான் பெங்காவெட்" என்று, அதாவது கெடாமல் காக்கும் மருந்து சேர்த்ததாகப் போட்டிருந்தால் அந்தச் சாறு எளிதில் புளிக்காது, காசுதான் நட்டம். பாத்திரங்களைக் கொதிநீரில் கழுவ வேண்டும். லிட்டருக்குக் கால் தேக்கரண்டி ஈஸ்ட் போதும். போத்தலில் நான்கில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். மூடிக்குப் பதிலாக, ஊசியால் ஒரு துளை போட்ட பலூனை வாயில் மாட்டினால் வாயு வெளியேறும். வீட்டில் குளிர்ச்சியான மூலையில் வைத்தால் இரண்டு வாரத்தில் குமிழ் அடங்கும். அடி வண்டல் கலங்காமல் தெளிவை இறுத்துக் குளிர்பெட்டியில் வைப்பார்கள். ரொட்டி ஈஸ்ட்டில் செய்ததற்கு மாவு வாடை அடிக்கும். பெரிய ருசியை எதிர்பார்க்க வேண்டாம்.

இனி, நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். "வீட்டில் செய்தால் கண் போகுமாமே, ஐயா?" என்று கேட்கிறார்கள். பழச்சாறு புளிப்பதில் மெத்தனால் என்னும் நஞ்சு மிகச் சொற்பம். அதனால் கண் போவதில்லை. கண்ணையும் உயிரையும் வாங்குவது, ஆலைகளில் பயன்படும் மெத்தனால் கலந்த கள்ளச் சாராயம். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் அப்படிப்பட்ட மலிவுச் சரக்கைக் குடித்து 30க்கும் அதிகமானோர் மாண்டார்கள். அவர்களில் பலர் பிழைக்க வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். சம்சு நம் லயங்களில் எத்தனை தாலியை அறுத்தது என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடு என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது. சம்பளத்தோடு சேர்த்து அதையும் கேட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெத்தனால் குடித்தவருக்கு முதலில் சாதாரண போதை போலத்தான் தோன்றும். அரை நாளோ ஒரு நாளோ கழித்துத்தான் வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கல், கண் முன்னே மூடுபனி. "போதை தெளியட்டும்" என்று படுக்க வைக்காதீர்கள். மோரும் எலுமிச்சையும் இதற்கு மருந்தல்ல. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் அங்கே உண்டு. மிச்சமிருக்கும் போத்தலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள், டாக்டருக்கு உதவும்.

ஒன்று விட்டுவிட்டேன். புளித்த சாறு காற்றுப் படத் திறந்தே கிடந்தால், வேறொரு நுண்ணுயிர் வந்து சேர்ந்து அதைக் காடியாக்கிவிடும். சிங்கப்பூரில் "வைன்" செய்யப் போய்ப் புளித்துப்போனவர்கள் அதைக் கொட்ட வேண்டியதில்லை. வெள்ளரிக்காய் அச்சாறுக்கு நன்றாகச் சேரும்.