கடைக்குள் பெரணி வாடுவது ஏன்?

கடை முகப்பிலும் கல்லா மேஜை அருகிலும் பெரணித் தொட்டி வைப்பதை நம் அங்கத்தினர் பலர் விரும்புகிறார்கள். வாடிக்கையாளர் கண்ணுக்குக் குளிர்ச்சி. கடைக்கும் ஒரு களை. ஆனால் நர்சரியிலிருந்து பசுமையாக வந்த செடி சில வாரங்களிலேயே நுனி கருகி, இலை உதிர்ந்து நிற்கிறது. வெயில் போதவில்லை என்று எண்ணி வாசலில் வைக்கிறோம். மிச்ச உயிரும் போய்விடுகிறது. மீண்டும் ஒரு தொட்டிக்குச் செலவு.

பெரணிகளில் பெரும்பாலானவை மர நிழலிலும் ஓடைக் கரையிலும் வளர்பவை. கடைக்குள் அவற்றுக்கு முதலில் குறைவது காற்றின் ஈரம். லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு 1829-ல் இதைத் தற்செயலாகக் கண்டார். நகரப் புகையில் அவருடைய தோட்டத்துப் பெரணிகள் பிழைக்கவில்லை. ஈரமண்ணோடு மூடி வைத்த புட்டிக்குள் முளைத்த பெரணியோ தண்ணீர் ஊற்றாமலே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தது. இதிலிருந்து பிறந்த கண்ணாடிப் பெட்டிகளில்தான் பின்னாளில் சீனத் தேயிலைக் கன்றுகள் கப்பலில் இந்தியா வந்தன.

கடையில் கவனிக்க வேண்டியவை:

1. ஏ.சி. அல்லது மின்விசிறிக் காற்று நேரே படும் இடம் ஆகாது. நேர் வெயில் படாத, வெளிச்சமான ஜன்னலோரம் நல்லது.

2. அகலத் தட்டில் கூழாங்கல் பரப்பி நீர் ஊற்றி, அதன்மேல் தொட்டியை வையுங்கள். தொட்டியின் அடி நீரில் மூழ்கக் கூடாது.

3. மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், சேறாகக் கூடாது. தொட்டியில் வடிகால் துளை அவசியம். உப்பு நீர் ஊற்றினால் நுனி கருகும்.

4. நீர் ஊற்றும் பொறுப்பை ஒரே பணியாளரிடம் கொடுங்கள். ஆளாளுக்கு ஊற்றினால் வேர் அழுகும். யாரும் ஊற்றாவிட்டால் காயும். வார விடுமுறைக்கு முந்தைய மாலை மண்ணைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

5. இலையின் அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் பூச்சி என்று மருந்து அடிக்க வேண்டாம். அவை பெரணியின் வித்துத்தூள் பைகள். பூச்சியானால் இப்படி ஒழுங்காக வரிசையில் இராது.

நாள் முழுதும் ஏ.சி. ஓடும், ஜன்னலே இல்லாத கடைக்குப் பெரணி ஏற்றதல்ல. அங்கே மணிபிளாண்ட் போதும். சரக்கு எடுக்கும்முன் அது எந்த இடத்தில் விலைபோகும் என்று பார்க்கிறோம் அல்லவா? செடிக்கும் அப்படியே இடம் பார்த்து வாங்கினால் போட்ட முதல் வீணாகாது.