உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ந்தால்

மதுரை சிம்மக்கல்லில் இருந்து மாட்டுத்தாவணி பஸ் நிலையம் போய் காரைக்குடி பஸ்ஸைப் பிடித்தால் இரண்டு மணி நேரப் பயணம். வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில் அங்கே இருக்கிறது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். சுருக்கமாக, ‘செக்ரி’. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். உப்புக்கரைசலில் மின்சாரம் செய்யும் வேலை அங்கே பெரிய ஆராய்ச்சி. அதன் முதல் பாடத்தை ஒரு கண்ணாடி டம்ளரில் பார்த்துவிடலாம்.

9 வோல்ட் பேட்டரி, இருபுறமும் சீவிய இரண்டு பென்சில்கள், கொஞ்சம் வயர், ஒரு ஸ்பூன் உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். இவ்வளவுதான் தேவை. (சுவர் பிளக்கின் பக்கமே போகக் கூடாது, ஜன்னலும் திறந்திருக்கட்டும்.) இணைப்புக் கொடுத்ததும் நெகட்டிவ் பென்சிலின் நுனியில் குமிழ்கள் பொங்கிக் கிளம்பும். பாசிட்டிவில் அவ்வளவு வேகம் இருக்காது. அங்கே உருவாகும் வாயு தண்ணீரிலேயே ஓரளவு கரைந்துவிடுகிறது. பிளீச்சிங் பவுடர் நெடி லேசாக மூக்கில் ஏறும். அதுதான் குளோரின். சற்று நேரத்தில் நெகட்டிவ் பென்சிலைச் சுற்றி, சுண்ணாம்பு சேர்ந்த ஆரத்தித் தண்ணீர்போல மஞ்சள் சிவக்கும். காரம் பிறந்துவிட்டதற்கு அது அடையாளம்.

உப்பில் சோடியம் இருக்கிறதே, அது எங்கே போனது? எங்கும் போகவில்லை, கரைசலிலேயே இருக்கிறது. நெகட்டிவ் முனையை நோக்கி அது நகர்ந்தாலும், அங்கே எலெக்ட்ரானை வாங்கிக்கொள்வது தண்ணீர்தான். தண்ணீர் உடைந்து ஹைட்ரஜன் வாயுவாக வெளியேற, மிஞ்சும் ஹைட்ராக்சைடு சோடியத்துக்குத் துணையாகிறது. அந்த ஜோடிதான் காஸ்டிக் சோடா. சோடியத்தை உலோகமாகவே பார்க்க வேண்டுமென்றால் தண்ணீர் கூடாது. 1807-இல் ஹம்ப்ரி டேவி உருக்கிய காஸ்டிக் சோடாவில் மின்சாரம் செலுத்தித்தான் அதைப் பிரித்தெடுத்தார்.

டம்ளரில் ஒரு குறை உண்டு. குளோரினும் காஸ்டிக் சோடாவும் கலந்து ஹைப்போகுளோரைட் ஆகிவிடும். கிருமிநாசினி வேண்டுமானால் அதுவே லாபம். இரண்டையும் தனித்தனியே விற்க வேண்டுமானால் நடுவே தடுப்பு வேண்டும். மேட்டூரிலும், ஆறுமுகநேரியை அடுத்த சாகுபுரத்திலும் உள்ள ஆலைகள் இப்படி உப்பிலிருந்து காஸ்டிக் சோடா எடுப்பவைதான். ஒரு காலத்தில் இத்தொழிலில் பாதரசம் புழங்கியது. அதன் நச்சுக்குப் பயந்து இப்போது மெம்பரேனுக்கு மாறிவிட்டார்கள். அந்த மெல்லிய படலம் சோடியத்துக்கு வழிவிடும், குளோரைடை மறிக்கும்.

நேரம் போகப்போக டம்ளரில் கறுப்புத் தூள் படியும். பாசிட்டிவ் பென்சிலின் கிராஃபைட் அரிபட்டு உதிர்வதால் வருவது அது. ஆலைகளுக்கும் இதே தலைவலி இருந்தது: மின்முனை தேயத் தேய இடைவெளி கூடும், கரண்ட் பில்லும் கூடும். டைட்டானியத் தகட்டின் மேல் ருத்தேனியம் ஆக்சைடு பூசிய முனைகள் வந்த பிறகே தொல்லை ஓய்ந்தது. அத்தகைய டைட்டானிய மின்முனையை உள்நாட்டிலேயே உருவாக்கிக் கொடுத்தது காரைக்குடி செக்ரி.