பொன் திசைகாட்டியும் வெட்டுண்ட கதையும்

குழந்தைகளுக்கென எழுதப்பட்ட கதை என்றதும் அதனை இலேசாக எண்ணிவிடும் வழக்கம் நம்மிற் பலரிடம் உண்டு. பேசும் கரடியும் பறக்கும் சூனியக்காரியும் வருகின்ற ஒரு கதையில் பெரியோர் பூசலிடுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்போம். ஆனால், குழந்தையின் மனத்தில் எதை விதைப்பது, அதனை யார் விதைப்பது என்ற வினா எழுந்துவிட்டால், சமயமும் கலையும் நேருக்கு நேர் வந்து நின்றுவிடுகின்றன. 2007ஆம் ஆண்டின் இறுதியில், ஒரு சிறுவர் திரைப்படத்தை முன்னிட்டு அமெரிக்காவில் எழுந்த பெரும் பூசல் அத்தகையது. ‘த கோல்டன் கொம்பஸ்’ என்பது அப்படத்தின் பெயர். ‘பொன் திசைகாட்டி’ எனத் தமிழிற் கூறலாம்.

அப்படத்தை நான் 2008ஆம் ஆண்டில், கொழும்பில் நண்பரொருவர் வீட்டில், இறுவட்டிற் கண்டேன். அதனை என் வகுப்பு மாணவி ஒருத்தியும் கண்டிருந்தாள். கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. வாசிப்பில் தீராத ஆவல் உள்ளவள். ஒருநாள் என்னிடம் வந்து, “சேர், படம் அரைவாசியில் நின்ற மாதிரி இருக்கு. அந்தப் பொடியன் ரோஜர் பிறகு என்ன ஆனான்?” என்று கேட்டாள். எனக்கு மறுமொழி தெரியவில்லை. அதை அறியும் பொருட்டே மூல நூலைத் தேடிப் பெற்று வாசித்தேன். வாசித்து முடித்த பின்னரோ, மறுமொழி தெரிந்தும் அதனைச் சொல்லத் துணிவு வரவில்லை.

நூலின் ஆசிரியர் பிலிப் புல்மன். ஆங்கிலிக்கன் குருவான தம் பாட்டனாரின் நிழலில் இளமையைக் கழித்தவர். பின்னர் கடவுள் நம்பிக்கையைக் கைவிட்டவர். ஒக்ஸ்போட் நகரிற் பாடசாலை ஆசிரியராக இருந்து, ஹோமரின் காவியக் கதைகளை ஏடின்றி வாய்மொழியாகவே மாணவருக்குச் சொல்லி வந்தவர். 1995இல் ‘வடதிசை ஒளிகள்’ என்னும் பொருள்படும் பெயருடன் வெளிவந்த அவருடைய நாவலே அமெரிக்காவிற் ‘பொன் திசைகாட்டி’யாயிற்று. சிறுவர் இலக்கியத்துக்கான கார்னெகி பதக்கத்தை அது பெற்றது. 1997இலும் 2000இலும் அடுத்த இரு பாகங்கள் வந்தன. மூன்றாம் பாகம், 2001ஆம் ஆண்டுக்கான விற்பிரெட் பரிசில் அவ்வாண்டின் தலைசிறந்த நூலெனத் தெரிவாயிற்று. சிறுவர் நூலொன்று அப்பெருமையை அடைந்தது அதுவே முதன்முறை. மூன்று நாவல்களுக்கும் உரிய பொதுப்பெயரைப் புல்மன் எடுத்துக்கொண்டது, தமிழிற் ‘சுவர்க்க நீக்கம்’ என அறியப்பட்ட மில்டனின் காவியத்திலிருந்து. ஏவாள் கனியை உண்ட கதையை அவர் தலைகீழாகத் திருப்பினார். அறிவை நாடுதல் வீழ்ச்சியன்று, வளர்ச்சியே என்பது அவர் கட்சி.

லைரா என்னும் சிறுமி வாழும் உலகில் மனிதரின் ஆன்மா உடலுக்கு வெளியே, ஒரு விலங்கின் உருவில் உடன்வாழ்கிறது. அதனை ‘டீமன்’ என்கிறார் ஆசிரியர். ஆங்கிலத்திற் பேயைக் குறிக்கும் சொல்லை அதன் ஒலி ஒத்திருப்பினும், சோக்கிரதர் தம்முள் ஒலித்த குரலுக்கு வழங்கிய பழைய கிரேக்கச் சொல்லின் வழிவந்தது அது. குழந்தையின் டீமன் கணந்தோறும் உருமாறும்; அந்துப்பூச்சியாகும், பூனையாகும், பறவையாகும். பருவம் எய்தியதும் ஓர் உருவில் நிலைத்துவிடும். குழந்தைப் பருவத்தின் எல்லையற்ற சாத்தியங்களுக்கு இதைவிட அழகிய உருவகம் ஒன்றை நான் கண்டதில்லை.

அவ்வுலகை ஆள்வது ‘மஜிஸ்தீரியம்’ என்னும் சமய அதிகார பீடம். கத்தோலிக்கத் திருச்சபை தன் போதனை அதிகாரத்துக்கு வழங்கும் பெயரும் இதுவே. ஆகவே, புல்மன் எய்த அம்பு எந்த இலக்கை நோக்கியது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. வளர்ந்தோரிடத்து வந்து படியும் ‘தூசு’ என்னும் மருமப் பொருளே ஆதிபாவம் என்று அப்பீடத்தார் நம்புகின்றனர். பாவம் பற்றுமுன் குழந்தைகளைக் காக்கவேண்டுமெனப் பனிசூழ்ந்த வடபுலத்தில் ஒரு நிலையம் அமைத்து, பிள்ளைகளை அவர்தம் டீமனிலிருந்து வெட்டிப் பிரிக்கின்றனர். மூன்றாம் பாகத்திலோ, கடவுளெனத் தன்னை அறிவித்துக்கொண்ட முதுமூப்பான தேவதூதர் ஒருவர் காற்றிற் கரைந்து மறைகிறார். நம்பிக்கையுள்ள தாய் தந்தையர் இதனை வாசித்துத் திடுக்கிட்டமை வியப்பன்று.

படம் எடுக்க முன்வந்த நியூலைன் நிறுவனம் இதனை அறியாததன்று. ஏறத்தாழ 18 கோடி டொலர் செலவிடும் படத்துக்கு அமெரிக்கக் குடும்பங்களின் ஆதரவு இன்றியமையாதது. ஆகவே, சமயத்தோடு நேர்த்தொடர்பு காட்டும் குறிப்புகள் தணிக்கப்பட்டன. மஜிஸ்தீரியம், எந்தச் சமயத்தையும் சாராத ஒரு கொடுங்கோல் ஆட்சிபோலத் தோன்றுமாறு செய்யப்பட்டது. நெறியாளர் கிறிஸ் வைற்ஸ் நூலின் இறுதி அத்தியாயங்களைப் படம்பிடித்திருந்தும், அவை நீக்கப்பட்டன. லைராவும் ரோஜரும் நம்பிக்கையோடு வான்வழியே பயணம் போவதுடன் படம் முடிகிறது. நூலில் நிகழ்வது வேறு. வானத்தைப் பிளந்து மறு உலகுக்கு வழிதிறக்கும் சக்தியைப் பெறும் பொருட்டு, அஸ்ரியல் பிரபு ரோஜரை அவன் டீமனிலிருந்து வெட்டுகிறான், பையன் இறக்கிறான். நண்பனைக் காப்பதற்கென்று புறப்பட்ட லைராவே அவனை அந்தக் கொலைக்களத்துக்கு அறியாமல் அழைத்துச் சென்றவளாகிறாள். என் மாணவி கேட்ட வினாவுக்குரிய மறுமொழி இதுதான்.

இத்தனை தணித்தும் எதிர்ப்புத் தணிந்ததா? இல்லை. படம் வருமுன்னரே, 2007 ஒக்ரோபரில், அமெரிக்காவின் கத்தோலிக்க லீக் என்னும் அமைப்பு பகிஷ்கரிப்பைத் தொடங்கிச் சிறுநூலொன்றையும் வெளியிட்டது. அதன் தலைவர் வில்லியம் டொனஹியூவின் வாதத்தை அறிவற்றதெனத் தள்ளிவிட இயலாது. படம் சாதுவானது என்பதே ஆபத்து என்றார் அவர். படத்தை விரும்பிய பிள்ளைகளுக்கு நத்தார்ப் பரிசாகப் பெற்றோர் நூல்களை வாங்கிக் கொடுப்பர். படம் வெறும் தூண்டில் என்பது அவர் கருத்து. என் மட்டில் அவர் கூறியது பலித்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். படம் கண்டன்றோ நான் நூலைத் தேடினேன்?

பூசல் பரவிற்று. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஹோல்ற்றன் கத்தோலிக்கப் பாடசாலைச் சபை அந்நூலைத் தன் நூலக அடுக்குகளிலிருந்து எடுத்தது. அமெரிக்க நூலகச் சங்கம் தொகுத்த, ஆட்சேபத்துக்கு உள்ளான நூல்களின் 2007ஆம் ஆண்டு வரிசையில் அது நான்காம் இடத்தைப் பெற்றது. அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர் பேரவையின் திரைப்பட அலுவலகமோ முதலில் நிதானமான மதிப்புரையொன்றை வெளியிட்டது. தடைசெய்வதைவிட, இதில் எழும் சிக்கலான வினாக்களைப் பெற்றோர் பிள்ளைகளோடு இருந்து பேசலாமே என்றும் அது யோசனை கூறிற்று. அந்த மதிப்புரை டிசெம்பர் மாதத்தில், காரணம் கூறப்படாமலே, மீட்டுக்கொள்ளப்பட்டது. மறுபுறம், சமயத்தைப் பற்றிய விமரிசனத்தை நீர்த்துப்போகச் செய்துவிட்டார்களென இங்கிலாந்தின் சமயச்சார்பற்றோர் சங்கமும் குறைப்பட்டுக்கொண்டது. இரு கரையாரையும் திருப்திப்படுத்தப் போன ஓடம் எக்கரையையும் சேரவில்லை.

உலகெங்கும் சுமார் 37 கோடி டொலர் திரட்டிய படம், அமெரிக்காவில் மட்டும் 7 கோடி அளவோடு நின்றது. வெளிநாட்டு உரிமைகளை முன்னரே விற்றுவிட்டமையால் அயல்நாட்டு வசூல் நியூலைனுக்குக் கைகொடுக்கவில்லை. 2008இல் அந்நிறுவனம் வோனர் பிரதர்ஸ் நிறுவனத்துக்குள் அடங்கிற்று. காட்சி நுட்பத்துக்காகப் படம் ஒஸ்கார் விருதைப் பெற்றது. அடுத்த பாகங்களோ பிறக்கவே இல்லை. நீக்கிவைத்த முடிவு நீக்கப்பட்டதாகவே இருந்துவிட்டது.

நூலில் அந்த வடபுல நிலையத்தை நடத்துவோர் தம்மைக் கொடியவர் என்று எண்ணுவதில்லை. சிறியதொரு வெட்டுத்தான், குழந்தையின் நன்மைக்குத்தான் என்றே கூறிக்கொள்கின்றனர். வெட்டப்பட்ட பிள்ளைகள் நடமாடுகின்றனர். ஆனால் அவர்களிடத்து ஏதோ ஒன்று இல்லை. படத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அப்பிள்ளைகளே நினைவுக்கு வருகின்றனர். உடல் அழகாக இருக்கிறது. உடன்வரவேண்டிய உயிர் வெட்டுண்டு கிடக்கிறது. வெளியே நின்று தடைகோரியோர் செய்ய விழைந்ததை, உள்ளே இருந்த வணிகரின் அச்சம் தானாகவே செய்து முடித்தது.

நம்பிக்கையாளர் வேறு வழியில் இதனை எதிர்கொள்ள முடியாதா? முடியும் என்று காட்டியவர் அப்போது கன்ரபரிப் பேராயராக விளங்கிய றோவன் வில்லியம்ஸ். 2004இல், லண்டன் தேசிய அரங்கில் இக்கதை நாடகமாக நடைபெற்றபொழுது, அவர் அதனைப் பாராட்டி எழுதினார்; அதே அரங்கிற் புல்மனோடு அமர்ந்து உரையாடினார். பாடசாலைகளிற் சமயக் கல்விக்கு இக்கதை பயன்படலாமென்றும் கருதினார். அவர் விட்டுக்கொடுத்துப் பேசவில்லை. கதையில் வரும் திருச்சபையில் மீட்பர் எங்கே, மீட்பு எங்கே என்று அவர் வினவினார். வாசித்தவர் மட்டுமே கேட்கக்கூடிய வினா அது.

புல்மனும் குறையற்றவர் அல்லர். சீ. எஸ். லூயிஸின் நார்னியாக் கதைகளைக் குழந்தைகளுக்கு ஒவ்வாதவை என 1998இலேயே கடுமையாகச் சாடியவர் அவர். அந்நார்னியா 2005இல் திரைக்கு வந்தபோது அமெரிக்கத் தேவாலயங்கள் வரவேற்றன. ஒரு கதை போதனை செய்கிறது என்பதன்று குற்றம். அது எமக்கு உடன்பாடில்லாத போதனை என்பதே குற்றமாகிவிடுகிறது. இவ்வியல்பு இரு சாராருக்கும் பொதுவாயிருக்கக் காண்கிறோம்.

2019 முதல் 2022 வரை பீபீசியும் எச்பீஓவும் இக்கதையைத் தொலைக்காட்சித் தொடராக்கின. அதில் ரோஜர் இறந்தான். முதுமூப்பான அந்தத் தேவதூதரும் கரைந்து மறைந்தார். முன்னைய பூசலைப்போன்ற பெரும்பூசல் எழவில்லை.

மாணவியின் வினாவுக்கு வருகிறேன். பல நாள் “பிறகு சொல்கிறேன்” என்று தட்டிக்கழித்தேன். அடுக்கிலிருந்து நூலை எடுத்த பாடசாலைச் சபைக்கும் எனக்கும் என்ன வேறுபாடு என்று ஒருநாள் என் மனமே என்னைக் கேட்டது. நூலை எடுத்துக்கொண்டு அவள் தந்தையாரிடம் சென்று, அதில் உள்ளதை ஒளிக்காமற் கூறினேன். ஞாயிறு தவறாமற் பூசைக்குச் செல்லும் அம்மனிதர் சிறிது நேரம் பக்கங்களைப் புரட்டினார். பின்னர், “முதலில் நான் வாசிக்கிறேன் மாஸ்டர். அதுக்குப் பிறகு பிள்ளை வாசிக்கட்டும். கேள்வி கேட்டால் மறுமொழி சொல்ல வீட்டில் நான் இருக்கிறேன்தானே” என்றார்.

நூல் இரண்டு மாதங்கழித்துத் திரும்பி வந்தது. ரோஜர் இறக்கும் பக்கம் ஈரம்பட்டுச் சுருங்கியிருந்தது. அது தந்தையின் கண்ணீரோ மகளின் கண்ணீரோ, நான் கேட்கவில்லை.