கொங்கணக் கரையில் சைக்கிளில் ஒரு நாள்

புனேயில் குடியேறிய நம்மவர்க்குச் சைக்கிள் புதிதன்று. சைக்கிள் நகரம் என்றே ஒரு காலத்தில் பெயர் பெற்றிருந்த ஊர் இது. ஆயினும், மேற்கு மலைக்கு அப்பாலுள்ள கடலைச் சைக்கிளேறிக் கண்டவர் நம்முள் எத்தனை பேர்?

முல்ஷி, தாம்ஹிணி கணவாய், மாண்காவ் வழியாக இறங்கினால் ராய்கட் மாவட்டத்துத் திவேஆகர் வந்துவிடும். கணவாயைச் சைக்கிளில் கடப்பது பயிற்சி உடையோர்க்கே தகும். மற்றவர் சைக்கிளை வேறு வண்டியில் ஏற்றிச் சென்று, இரவு அங்கே தங்கி, விடியலில் புறப்படலாம். அங்கிருந்து ஸ்ரீவர்தன் வழியாக ஹரிஹரேசுவரம் வரை ஏறத்தாழ 40 கிலோமீட்டர். மார்கழி, தை மாதங்கள் இதற்கு ஏற்றவை.

நாகப்பட்டினத்துச் சமவெளியை நினைத்துக்கொண்டு செல்பவர் ஏமாறுவர். இங்கே சஹ்யாத்ரியின் கிளைகள் கடல்வரை நீண்டு முடிகின்றன. ஆகவே சாலை ஒரு குன்றின்மேல் ஏறும், உச்சியில் கடல் முழுதும் விரியும், உடனே மீனவர் குப்பம் ஒன்றில் இறங்கும், மறுபடியும் ஏறும். ஏற்றங்களில் இறங்கித் தள்ளிச் செல்வதில் இழிவில்லை.

வடக்கிலிருந்து தெற்காகவே செல்லுதல் நன்று. இரவில் நிலம் விரைவில் குளிர்வதால் காலையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசும். வெயில் ஏறி நிலம் சூடானபின் காற்றுத் திரும்பி, வடமேற்கிலிருந்து வேகமாக வரும். தெற்கே செல்பவர்க்கு அது முதுகில் கைவைத்துத் தள்ளுவது போலிருக்கும். எதிரே வருபவர் பாடு திண்டாட்டந்தான்.

ஸ்ரீவர்தனில் சற்று நேரம் தங்குக. 1713இல் பேஷ்வாவாகிய பாலாஜி விசுவநாதரின் சொந்த ஊர் இது. முருடுக்கு அருகே ஜஞ்சிரா என்னும் தீவுக்கோட்டையிலிருந்து ஆண்ட சித்திகளின் பகையால் ஊரைவிட்டு மலையேறியவர் அவர். அவருடைய மகன் முதலாம் பாஜிராவ் எழுப்பியதே நாம் நாள்தோறும் கடந்துசெல்லும் சனிவார் வாடா. புனேயைத் தலைநகராக்கிய குடும்பமும் நம்மைப் போல் வெளியூரிலிருந்து வந்ததே!

இவ்வூர்ப் பாக்கு பெயர்பெற்றது. 2020 ஜூன் 3ஆம் நாள் நிசர்கா புயல் இக்கரையைத் தாக்கியபோது, தலைமுறைகளாகக் காத்த கமுகும் தென்னையும் பெருமளவில் சாய்ந்தன. கமுகு நட்டு ஐந்தாறு ஆண்டுகளேனும் காத்திருந்தாலன்றிக் காய்ப்பதில்லை. அதுவரை தோப்புக்காரர் வருவாய்க்கு என்ன செய்வர்? ஆகவே அங்கே தங்கி உண்பவர், வீட்டிற்குக் கொஞ்சம் பாக்கும் வாங்கி வருவாராக.

ஹரிஹரேசுவரத்தில் கோயிலை அடுத்து, அலை அரித்த பாறைகளின்மேல் வலம்வரும் வழி உண்டு. கடல் வற்றியிருக்கும் வேளையில் மட்டுமே அதில் இறங்க வேண்டும். நீரேற்றத்தில் அலை பாறைமேல் ஏறி ஆளை இழுத்துச்செல்லும், உயிரிழந்தோரும் உண்டு. ஓத நேரத்தை ஊராரிடம் கேட்டறிக. மாலையில் கரையிலேயே அமர்ந்திருக்கலாம். கடலிலிருந்து ஞாயிறு எழக் கண்டே வளர்ந்த நம் கண்களுக்கு, அது கடலுக்குள் இறங்கும் காட்சி புதிது.

மேலும் தெற்கே செல்ல விரும்புவோர், மறுநாள் பாக்மாண்ட்லாவில் சாவித்திரி ஆற்றின் கழிமுகத்தைப் படகில் கடக்கலாம்; சைக்கிளையும் ஏற்றிக்கொள்வர். அக்கரை ரத்னகிரி மாவட்டம்.